அழித்த கேள்விகள்

தனஞ்சயனின் குரலுக்கு முதலாளி பாலசுந்தரம் போட்ட விலை முப்பத்தெட்டாயிரம் ரூபாய். ஒரு புது ஹார்ட் டிஸ்க்கின் விலை அது. அதையும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கொட்டாஞ்சேனையில், பிடவைக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் அந்தச் செய்தித் தளத்தின் சர்வர் நிரம்பி வழிந்தது. அதைப் பார்த்துக்கொள்பவள் கௌரி. நிருபர் தனஞ்சயன் இறந்து ஒரு வருடம். அவன் எடுத்த பேட்டிகளே பாதி இடத்தை அடைத்திருந்தன.

“தனஞ்சயன்ர கேள்வியை ஆர் பிள்ளை கேக்கப்போகினம்? அதுகளை வெட்டி அழிச்சுப்போட்டு, பதிலை மட்டும் சுருக்கி வையும். ஒறிஜினல் எல்லாம் பம்பலப்பிட்டி ஒஃபிசில பத்திரமா இருக்கு” என்றார் முதலாளி.

கணவனின் குரலைக் காப்பாற்றித் தரும்படி தனஞ்சயனின் மனைவி சுபோதினி கேட்டிருந்தாள். கௌரி வாக்கும் கொடுத்திருந்தாள். ஒறிஜினல்தான் இருக்கிறதே என்று நம்பி, வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலையை முடித்தாள். திரையில் கணக்கு, பதில்கள் 412, கேள்விகள் 0 என்று காட்டியது. பிறகுதான் பம்பலப்பிட்டிக்குப் போன் எடுத்தாள்.

“ஒறிஜினலா? சேர் அப்பிடி ஒண்டும் தரல்லயே, மிஸ்” என்றான் அங்கிருந்த நபீஸ்.

கௌரி போய்க் கேட்டபோது, முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சிரித்தார். “செத்த மனுசனுக்குக் குரல் என்னத்துக்கு, பிள்ளை?”

பொய்யைக்கூட அந்த மனிதர் செலவில்லாமல்தான் சொல்வார்.

கௌரி சர்வர் அறைக்குத் திரும்பினாள். குளிர் கூடியிருந்தது. மழை நாளில் தனஞ்சயன் உள்ளே வரும்போது வீசும் அதே நனைந்த மழைக்கோட்டின் வாடை.

வெளியே நல்ல வெயில்.

ஹெட்போனை மாட்டி, சுருக்கிய கோப்பொன்றைத் திறந்தாள். தெமட்டகொடை வெள்ளத்தில் வீடிழந்த பெண் பேசினாள்.

“தண்ணி இடுப்பு மட்டும் வந்திச்சு, தம்பி.”

பிறகு, எதிரே இருப்பவர் ஏதோ கேட்டு முடிக்கும் அளவுக்கு ஒரு மௌனம்.

“ஓம் தம்பி. அவதான் அழிச்சவ.”

கௌரி அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள். அதே வார்த்தைகள்.

அடுத்த கோப்பு. மூன்று வருடத்துக்கு முன் பாண் விலையைப் பற்றிப் பேசிய பேக்கரிக்காரர்.

“பேர் கௌரி. உங்கட சினேகிதி எண்டுதான் நாங்களும் நம்பியிருந்தனாங்கள்.”

அடுத்தது, ஒரு பள்ளி அதிபர்.

“இல்லை. உங்கட மனிசிக்கு அவ இன்னும் சொல்லேல்லை.”

அதற்கடுத்ததில் பேச்சே இல்லை. மூச்சு மட்டும். அவசரமில்லாமல், மிகக் கிட்டத்தில்.

இந்த முறை கேட்கப்பட்டது தன்னிடம்தான் என்பது கௌரிக்கு விளங்கியது.

திரையில் கணக்கு தானாகப் புதுப்பித்துக்கொண்டது.

பதில்கள், 412.

அவள் பூச்சியமாக்கியிருந்த கேள்விகள், 413.