மீந்த குழிகள்

ஃப்ரீசரிலிருந்து தம்பியின் இரத்தம் இருந்த சோதனைக் குழாயை ஜெனி எடுத்துக்கொண்டிருந்தபோதே சேலையூர் வீட்டிலிருந்து அவன் போன் வந்தது.

"அக்கா, வலது கை ஜில்லுன்னு இருக்கு."

இரும்புலியூரில் பைக்கோடு விழுந்ததிலிருந்து காலேபின் அந்தக் கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஜெனிக்குக் கண் கலங்கிவிட்டது.

நரம்பை வளர்க்கும் புரதம் இரத்தத்தில் எவ்வளவு என்று அளக்கும் சோதனைக் கிட்டில்தான் அவளுக்கு வேலை. தாம்பரத்து லேப் முதலாளி லாசரஸ், டீலரோடு அரைநாள் மல்லுக்கட்டித்தான் அதை வாங்குவார். வாங்கியபின், அதோடு வரும் குழிகள் நிறைந்த பிளாஸ்டிக் தட்டில் ஒரு குழி காலியாகக் கிடந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. மீந்த குழிகளில் ஜெனி தம்பியின் இரத்தத்தை ஓசியில் சோதித்து வந்தாள். கை திரும்பினால் அவனுக்குக் கீபோர்டு திரும்பும், பிழைப்பும் திரும்பும். புரதம் இருந்தால் குழி நீலமாகும்; அவன் குழிகளில் இதுவரை ஒருமுறைகூட நிறம் ஏறவில்லை. அவனுடைய பழைய குழாய்களைக் காலையில்தான் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் கவரில் கட்டிப் போட்டிருந்தாள்.

ஏசியின் முனகலும் ஸ்பிரிட் வாடையும் ஜி.எஸ்.டி. ரோட்டு ஹார்ன்களும் கலந்து கிடந்த அந்த மத்தியான அறையில், தம்பியை ஸ்பீக்கரில் பேசவிட்டபடியே, இரத்தத்தின் தெளிநீரான சீரத்தைக் குழிகளில் இறக்கி, தட்டை இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் வைத்து மூடினாள்.

"இப்ப வெதுவெதுன்னு இருக்குக்கா. போர்வைக்குள்ள வெச்ச மாதிரி."

"விரலை ஆட்டிப் பாருடா, சோம்பேறி."

"ஆடல."

பிறகு தட்டை வெளியே எடுத்து, குழிகளில் ஒட்டாமல் மீந்ததைக் கழுவத் தொடங்கினாள்.

"அக்கா, கைமேல யாரோ தண்ணி ஊத்துறாங்க."

ஜெனியின் கை நின்றது. அவனுடைய குழிகள் இருந்த ஓரத்தை மட்டும் நகத்தால் மெல்லச் சுண்டினாள்.

"யாருக்கா அது, சுண்டுறது?"

நிறம் காட்டும் திரவத்தை ஊற்றினாள். மற்றவர்களின் குழிகள் வெளிர்நீலம். காலேபின் குழிகள் கருநீலம்.

அடுத்து, நிறத்தை நிறுத்த ஒவ்வொரு குழியிலும் அமிலம் விட வேண்டும். புட்டியைத் திறக்கவே இல்லை. தள்ளி வைத்தாள். மூச்சு வந்தது.

"அக்கா, நெருக்குது. மேல எல்லாம் மூட்டை. வண்டில போற மாதிரி குலுங்குது."

மஞ்சள் கவர்.

வராந்தாவுக்கு ஓடினாள். காந்தா தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காந்தாக்கா, மஞ்ச கவர் எங்க?"

"வண்டிக்காரன் அப்பவே வாரிக்கினு பூட்டான்மா. இந்நேரம் எரிக்கிற எடத்துக்கே போயிருப்பான். இன்னாத்துக்கு, மோதிரம் கீதிரம் வுட்டுட்டியா?"

டிரைவரைக் கூப்பிட வேண்டும். போன் மேசைமேல். திரும்பி ஓடினாள்.

"குலுங்குறது நின்னுடுச்சுக்கா," என்றான் காலேப். குரலில் நிம்மதி. "இப்ப பரவால்ல. திரும்ப வெதுவெதுன்னு இருக்கு."

மேசைமேல் தட்டு. அடியில் அடுப்பில்லை. யாரும் தொடவில்லை. மற்ற குழிகள் அசையாமல் கிடந்தன.

காலேபின் குழிகளில் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, நீலம் கொதிக்கத் தொடங்கியது.