உள்விளிம்பு

பழைய கார் ஷோரூமின் கீழ்த்தளத்துக்கு, விற்கும் முன் வண்டிகளைச் சோதிக்கும் அவள் இறங்கி வந்தபோது மதியம்தான். அந்தக் குகைக்குள் பகல் வந்து என்ன, போய் என்ன? ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கியிருந்தார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஈர சிமெண்ட் வாடையும் புது மெழுகு வாடையும் மூக்கில் ஏறின. சுவரை ஒட்டி அந்தக் கறுப்பு மின்சாரக் கார் நின்றது. பழைய வண்டி என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"டிகிரி, சும்மா ஒரு பார்வை பாத்துட்டு ஓகே சொல்லு," என்றார் மேனேஜர், போனில். வீட்டில் முதல் பட்டதாரி என்று சேர்ந்த அன்றே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அதுவே அவள் பெயர். "கஸ்டமர் ரெண்டு பசங்களோட மேல உக்காந்திருக்காரு."

"டயர் பாக்கணும் சார்."

"நானே பாத்துட்டேன். சும்மா பளபளன்னு இருக்கு."

பார்த்திருப்பார், வெளியிலிருந்து. இங்கே எல்லாருக்கும் அதுதான் பழக்கம். டயரின் வெளிப்பக்கத்தைக் குனிந்து பார்த்து, கறுப்பு மெருகைப் பூசி அனுப்பிவிடுவார்கள். ஆனால் இந்த ரக வண்டிக்குக் கனமும் அதிகம், வேகமும் அதிகம். சக்கரம் லேசாக உள்பக்கம் சாய்ந்தே உருளும். வெளிப்பக்கம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்விளிம்பு தேய்ந்து செத்துப்போயிருக்கும்.

பழைய உரிமையாளர் ஒரு அம்மா. மழையில் வண்டி சறுக்கிச் சுவரில் மோதியது. கதவு திறக்கவில்லை. உள்ளேயே இறந்துபோனார். மேனேஜர் கதவை மாற்றினார், பெயிண்டை மாற்றினார். கஸ்டமரிடம் மூச்சு விடவில்லை.

வண்டியைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்டில் வேறு வண்டி ஏறியிருந்தது. அவள் தரையில் படுத்து, பின்சக்கரத்துக்கு உள்பக்கமாகக் கையை நுழைத்தாள்.

வழுவழுப்பு. மொட்டை. இன்னும் உள்ளே, ரப்பர் தேய்ந்து வெளியே வந்த டயர்க்கம்பி சுருக்கென்று குத்தியது.

அதற்கும் உள்ளே, ஒரு விரல்.

குளிர்ந்த விரல். அவள் விரலைப் பிடித்துக் கம்பியின் மேல் மெல்ல இழுத்தது, இதோ பார் என்பதுபோல். கையை உருவப் பார்த்தாள். இன்னும் மூன்று விரல்கள் வந்து மணிக்கட்டைச் சுற்றின.

கார் உயிரோடு இருக்கிறதா, அணைந்திருக்கிறதா? உறுமவும் உறுமாது, நடுங்கவும் நடுங்காது இந்தச் சனியன்.

சக்கரம் அசைந்தது.

மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே முழங்கை இறுகியது. கத்தினாள். மழைச் சத்தம் அதைத் தின்றுவிட்டது.

"மாத்தறேன்," என்று முனகினாள். "என் வேலையே போனாலும், டயர் மாத்தாம இந்த வண்டிய வெளிய விடமாட்டேன்."

பிடி விட்டது.

"என்னம்மா, படுத்துத் தூங்குறியா?" மேனேஜர் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"கம்பி தெரியுது சார். வண்டி போகாது."

"அதச் சொல்ல நீ யாரு? நாலு எழுத்து படிச்சா கொம்பு முளைச்சிடுமா?"

"முளைக்கல சார். கைய உள்ள விட்டு நீங்களே பாருங்க."

எரிச்சலோடு குந்தி, கையை நுழைத்தார். "அட, கொஞ்சம் தேஞ்சிருக்கு. அதுக்குப் போயி..." கையை உருவப் பார்த்தார்; வரவில்லை. "அந்தப் பக்கம் யாரு?"

அந்தப் பக்கம் சுவர்.

"மாத்தறேன்னு சொல்லுங்க சார். விட்டுடும்."

"மாத்தறேன்! மாத்தறேன்!"

விடவில்லை. சக்கரம் சத்தமில்லாமல் ஒரு விரற்கடை உருண்டது.

"சொல்லிட்டேனேம்மா!"

"பொய்யின்னு அதுக்குத் தெரியுது சார்."

அவர் இன்னொரு கையால் போனைத் தடவி எடுத்து, மேலே இருந்த கஸ்டமரை அழைத்தார். "சார்... வண்டி தரமுடியாது. டயர் செத்துப்போச்சு. இது... இதுல ஒருத்தங்க இறந்திருக்காங்க. பசங்கள கூட்டிட்டுக் கிளம்புங்க சார்."

கை வெளியே வந்தது. மணிக்கட்டில் நான்கு கறுப்புக் கோடுகள். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

அன்றே புது டயர்கள் வந்தன. நான்கையும் அவளே நின்று மாட்டவைத்தாள். கறுப்புக் காரைக் கொட்டகைக்குத் தள்ளிப் பூட்டினார்கள்.

மறுநாள் காலை, விற்பனைக்கு வந்த சிவப்புக் கார் ஒன்று அதே இடத்தில் நின்றது. சும்மா பார்த்துவிட்டு ஓகே சொல் என்று மேனேஜர் இந்த முறை சொல்லவில்லை. அவள் படுத்து, பின்சக்கரத்துக்கு உள்பக்கமாகக் கையை நுழைத்தாள்.

அவள் விரல் உள்விளிம்புக்குப் போய்ச் சேருமுன்பே, குளிர்ந்த விரல் ஒன்று அங்கே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.