இரண்டு இழுப்பு

கொட்டச்சேடு மலைக்கிராமத்துக்கு மேலே, காப்பித் தோட்டம் முடிகிற இடத்தில் ஜீப்பை நிறுத்தினேன். எண்பத்தொன்பது ஆகஸ்ட், மத்தியானம் மூன்று மணி. மெட்ராசிலிருந்து காட்டெருமை பார்க்க வந்த ஐந்து பேர் பைனாகுலரோடு இறங்கினார்கள்.

அவர்களுக்கு வழிகாட்ட வந்த எங்கள் லாட்ஜ் முதலாளி தேவசிகாமணி முன்பு ஒரு சின்னக் கப்பலில் வேலை பார்த்தவர். கடலோரம் தீவு தீவாகப் பயணிகளை இறக்கிப் பறவை காட்டுகிற கப்பல். மலைக்கு வந்தும் அந்தப் பெருமை போகவில்லை. பனி இறங்கினால் எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டும் என்பது அங்கே கற்ற சட்டம். முன்நுனி அவர் இடுப்பில், பின்நுனி கடைசி ஆள் இடுப்பில். பின்னாலிருந்து ஒரு இழுப்பு என்றால் போகலாம். இரண்டு இழுப்பு என்றால் நில்.

போன வருஷம் வரை கடைசி ஆள் மாதையன். காட்டெருமைத் தடத்தைப் பார்த்தே அது போன நேரத்தைச் சொல்வான். அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் பூசியிருப்பான். அந்த வாடை அவனுக்கு முன்னால் வரும். போன ஆகஸ்டில், இதே பாதையில், கால் வழுக்கிப் பாறை விளிம்புக்கு வெளியே தொங்கினான். இரண்டு தடவை இழுத்தான். பயணிகள் பயந்து கயிற்றை விட்டுவிட்டார்கள். தானும் போய்விடுவோம் என்று முதலாளி கத்தியை எடுத்து அறுத்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் முதலாளி சொன்னது: "குடிச்சிட்டு விழுந்துட்டானுங்க."

சாராயத்தைத் தொட்டே அறியாதவன் மாதையன். அந்தப் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது ஸ்தனிஸ்லாஸ் என்கிற நான்தான். வேலை போய்விடும் என்ற பயம். அந்த முதலாளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது கடைசி ஆள் நான். இடுப்பில் புதுக் கயிறு. கொஞ்ச தூரம் போவதற்குள் பனி இறங்கிவிட்டது. முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. பறவைச் சத்தம் நின்றுபோனது.

புகையிலை வாடை வந்தது.

எனக்குப் பின்னாலிருந்து.

கயிறு இரண்டு முறை இழுபட்டது. என் இடுப்பு முடிச்சுக்குப் பிறகு கயிறே கிடையாது.

எல்லோரும் நின்றார்கள்.

"யார்றா இழுக்கறது?" முதலாளியின் குரல்.

"நான் இல்லைங்க."

"பின்ன?"

"மாதையனுங்க," என்றேன். "நிக்கச் சொல்றானுங்க."

"செத்த குடிகாரன் பேரைச் சொல்லி எங்கிட்ட விளையாடறியா?"

மறுபடி இரண்டு. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. செத்தும் வேலை பார்க்கிறான் அந்த மனுஷன். உயிரோடிருக்கிற இந்த ஆள் வாயில் இன்னமும் குடிகாரன்!

"நீங்க நின்னுட்டே இருங்க. நான் போறேன்," என்றார் முதலாளி.

கத்தி விரிகிற சத்தம். அவர் பக்கத்துக் கயிறு அறுபட்டுத் தளர்ந்தது. அவர் ஷூ ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி.

மூன்றாவது அடிச் சத்தம் வரவில்லை.

பனி விலகியபோது பாறை விளிம்பு எங்கள் வரிசைக்கு முன்னால் நாலே எட்டில் இருந்தது. எப்போதோ பாதை தவறியிருக்கிறோம். வந்த ஐந்து பேரும் உயிரோடு இருந்தார்கள்.

மறுநாள் மாதையன் மனைவி முத்தாயியைப் பார்க்கப் போனேன். அவன் இடுப்பில் கிடந்த அறுந்த கயிற்றை வாசலில் கட்டித் துணி காயப்போட்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, குடிகாரன் ஊட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைச் சொன்னேன், பொய்யைச் சொன்னேன், செத்துப்போன தேவசிகாமணியை வாய் வலிக்கத் திட்டினேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரு குடிக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க. அந்தப் பொய்க்குச் சாட்சி சொன்னவன் எவன்னுதான் தெரியலைங்க. தெரிஞ்சா சொல்லுங்கண்ணா."

"தெரியலையே அம்மிணி. நான் வர்றேன்," என்று ஜீப் பக்கம் திரும்பினேன்.

ஒரு இலை அசையவில்லை.

கொடிக்கயிறு இரண்டு முறை இழுபட்டது.