இரண்டு மஞ்சள் போத்தல்கள்

இலவசமாகப் படிப்புச் சொல்லித் தருகிறோம் என்று இரண்டு பெண்கள் வீடு வீடாக வந்தால் யார் நம்புவார்கள்? சாய்ந்தமருதில் ஹாஜறாவின் ஒழுங்கையில் ஒருவரும் நம்பவில்லை.

வந்தவர்கள் உயர்தர வகுப்பு மாணவிகள். ஒருத்தி அடுத்த ஒழுங்கை முனவ்வறா. மற்றவள் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வரும் அவளுடைய தோழி தங்கேஸ்வரி. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு முனவ்வறா வீட்டு விறாந்தையில் எழுத வாசிக்க வகுப்பு என்றார்கள்.

ஹாஜறாவின் உம்மா சபியா உம்மாவும் அடுத்த மாதம் போக இருந்தார். ஆனால் அவர் படலையைச் சாத்திவிட்டார். தன்னைக் குவைத்துக்கு அனுப்பவிருக்கும் ஏஜென்சிக்காரர்தான் இவர்களை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார் என்பது உம்மாவின் சந்தேகம்.

"எனக்கு எழுத்துத் தெரியாதெண்டு அவருக்குப் போய்ச் சொன்னா, என்ட பயணம் நிண்டுரும் மகள்," என்றார் மெதுவாக.

அன்றிலிருந்து ஹாஜறா அந்த இருவர் மீதும் ஒரு கண் வைத்திருந்தாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தாள். ஏஜென்சிக்காரர் வீட்டுப் பின்படலையால் இருவரும் வெளியே வந்தார்கள். தங்கேஸ்வரியின் பையில் எதுவோ கடகடத்தது.

ஓடிப்போய் உம்மாவிடம் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால், பாதி தெரிந்த கதையை எப்படிச் சொல்வது? நேரே போய் வழியை மறித்தாள்.

"ராத்தா, அவர்ட வீட்டுல உங்களுக்கு என்ன வேல?"

முனவ்வறா சிரித்துக்கொண்டே பையைத் திறந்தாள். உள்ளே வெளிநாட்டுப் போத்தல்கள்! ஏஜென்சிக்காரரின் மனைவி எறிய வைத்திருந்தவற்றைப் பாடத்துக்காகக் கேட்டு வாங்கியிருந்தார்கள். இரண்டு போத்தல்களின் அடியில் ஒரே மாதிரி மஞ்சளாக ஏதோ மிச்சமிருந்தது. மேலே அரபு எழுத்து.

ஹாஜறா அந்த இரண்டையும் இரவல் கேட்டாள்.

வீட்டில் அவற்றை உம்மாவுக்கு முன்னால் வைத்தாள். "உம்மா, குவைத்துல கறிக்கு எதை ஊத்துவீங்க?"

"எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்?"

"குர்ஆன் ஓதத் தெரியும்தானே? அதே எழுத்துத்தான்."

உம்மா ஒரு போத்தலைச் சந்தேகத்தோடு தூக்கினார். விரலால் தொட்டுத் தொட்டு, "ஸாத்... அலிஃப்... பே... வாவ்... நூன்," என்றார். "ஸாபூன்." மூடியைத் திறந்து முகர்ந்தார். "சவுக்காரம் புள்ள இது! கறி ஆணத்துல ஊத்தியிருந்தா எல்லார்ட வாயிலயும் நுரைதான்."

மற்றதில் 'ஸைத்' என்றிருந்தது. குர்ஆனில் வரும் ஸைத்தூன், அதாவது ஒலிவ் எண்ணெய் என்று தானே கண்டுபிடித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

போத்தல்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஹாஜறா அப்போதுதான் முழுவதும் சொன்னாள். "வேவு பார்க்க வாறவங்க பழைய போத்தல் பொறுக்குவாங்களா?" என்றார் உம்மா.

சனிக்கிழமை அவர் முனவ்வறா வீட்டு விறாந்தையில் போய் நின்றார். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள்.

அரபு எழுத்திலிருந்தே தொடங்கலாமா என்று தங்கேஸ்வரி கேட்டாள்.

"அது கிடக்கட்டும். முதல்ல தமிழ் எழுத்தைச் சொல்லித் தாங்க புள்ள," என்றார் உம்மா. "அங்க இருந்து என்ட மகளுக்கு எழுதணும். வேற ஆளைக் கொண்டு எழுதினா மனசில உள்ளதைச் சொல்ல ஏலா."

ஹாஜறா உம்மாவை ஒட்டி உட்கார்ந்து, பலகையில் பெரிதாக ஓர் 'அ' எழுதிக் காட்டினாள்.