சிலை என்று பெயர் வாங்கியவன்

ஆறரைக்கு எழுந்தேன். ஓட்ஸ் கஞ்சி வைத்தேன். இரண்டு கிண்ணம் எடுத்தேன். மகள் மேரன் ஸ்கோர் புத்தகத்தைப் பால் குடுவையில் சாய்த்து வைத்துப் படித்தபடியே சாப்பிட்டாள். எங்கள் ஊர்ச் சிறுவர் பேஸ்பால் அணியின் கணக்கு அவள் பொறுப்பு. அன்று இறுதி ஆட்டம்.

"அப்பா, வெண்டெலை ஆட விடாம வெளிய உக்கார வெக்கப் போறாங்க," என்றாள்.

"ஏன்?"

"சராசரி கம்மியாம். பத்துக்கு ரெண்டு அடிதான்."

வெண்டெலுக்கு அணியில் 'சிலை' என்று பெயர். மட்டையைத் தூக்கிப் பிடித்து அப்படியே நிற்பான். "டேய் சிலை, மட்டை எதுக்கு? வீட்டுலயே வெச்சிட்டு வா," என்பார்கள்.

ஸ்கோர் புத்தகத்தில் ஒரு பையன் மட்டை பிடிக்க வரும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டம். அவன் அவுட் ஆகாமல் முதல் பேஸுக்கு, ஓட்டப் பாதையின் முதல் நிறுத்தத்துக்கு, போனால் அதில் ஒரு கோடு. மேரன் பக்கத்தை என் பக்கம் திருப்பினாள். வெண்டெலின் வரிசையில் பாதிக் கட்டங்களில் கோடு இருந்தது. வேறு எவன் வரிசையும் அப்படி இல்லை.

நான் கஞ்சியை மறந்துவிட்டேன்.

மைதானத்தில் வெண்டெல் ஹெல்மெட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"நீ ஏன் அடிக்கவே மாட்டேங்குற?" என்று கேட்டாள் மேரன்.

"விலகிப் போற பந்தை எதுக்கு அடிக்கணும்?"

"விலகும்னு முன்னாடியே தெரியுமா?"

"பந்தோட தையல் சுத்துறதைப் பாத்தா தெரியும்."

மேரன் வாய் பிளந்து அவனைப் பார்த்தாள். பிறகு நேராகப் பயிற்சியாளர் பிராண்டிடம் போனாள்.

"கோச், வெண்டெல் முப்பது தடவை ஆட வந்தான். பதினஞ்சு தடவை பேஸுக்குப் போயிருக்கான்."

"அதுல பதினொண்ணு சும்மா நடந்து போனது, மேரன். நாலு பந்து தப்பா வந்தா யாரும் அடிக்காமலே பேஸுக்கு நடக்கலாம். சராசரியில அதைச் சேக்க மாட்டோம். எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"நடந்து வந்தானா, அடிச்சிட்டு வந்தானான்னு பேஸ் கேக்குமா, கோச்?"

பிராண்ட் சூரியகாந்தி விதையை மென்றார். புத்தகத்தை வாங்கினார். ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டினார். மெல்லுவது நின்றது.

"யாருக்கும் இவ்வளவு இல்லையே," என்றார் மெதுவாக. பிறகு குரல் கொடுத்தார். "வெண்டெல், ஹெல்மெட்டை எடு. நீதான் முதல்ல."

எதிரணியில் உயரமான ஒரு இடக்கை வீச்சாளன். அவன் பந்தை எங்கள் பையன்களால் தொடவே முடியவில்லை. வெண்டெல் மட்டும் நின்றான். நல்ல பந்து வந்தால் கோட்டுக்கு வெளியே தட்டி விட்டான்; அது அடியும் ஆகாது, அவுட்டும் ஆகாது. கெட்ட பந்தை அசையாமல் போக விட்டான். ஒன்பது பந்துக்குப் பிறகு நடந்தான். அடுத்த முறை பதினொன்று. அந்த வீச்சாளன் வீசிய ஒவ்வொரு பந்துக்கும் மேரன் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள்.

ஐந்தாவது இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். மூன்றாம் முறையாக வெண்டெல். ஐந்து பந்து. ஆறு. ஏழு. எட்டாவது பந்து விலகிப் போனது. வெண்டெல் மட்டையை வைத்துவிட்டு நடந்தான்.

"எம்பத்தஞ்சு," என்றாள் மேரன்.

சிறுவர் ஆட்டத்தில் ஒருவன் ஒரு நாளைக்கு எண்பத்தைந்து பந்துக்கு மேல் வீசக்கூடாது. நடுவர் கையைத் தூக்கினார். உயரமான பையன் தலை குனிந்து வெளியே போனான். வெண்டெல் ஒருவனுக்கே இருபத்தெட்டு பந்துகளைச் செலவழித்திருந்தான்.

புதிய வீச்சாளனின் பந்தை எங்கள் பையன்கள் அடித்தார்கள். மூன்று ஓட்டம். அது போதுமாக இருந்தது.

எல்லாரும் வெண்டெலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிராண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் சராசரி இப்ப எவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்டார்.

மேரன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏறவே இல்ல, கோச். அவன் இன்னைக்கு ஒண்ணுகூட அடிக்கல."