தெருவின் நாக்கு

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. மகிழினி பள்ளத்தோரத்து மேடையில் ஏறினாள். மொத்தம் நான்கே படி. ஐம்பத்தேழு வயது முழங்காலுக்கு அதுவே மலையேற்றம். இரண்டாம் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். பெயர்தான் மகிழினி. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் அதை நம்பியதில்லை.

மேடைக்கு ஒரு பக்கம் பள்ளம். நாற்பது மாடிக் குடியிருப்புக்கு அடித்தளம் போடத் தோண்டியது. அதைச் சுற்றி மண்ணுக்குள் இறக்கிய நூற்றெண்பது உறிஞ்சுமுனைகள் ஓயாமல் நிலத்தடி நீரை இழுத்துக்கொண்டிருந்தன. அரை நாள் நிறுத்தினால் பள்ளம் குளமாகிவிடும். மறுபக்கம் கொருக்குப்பேட்டை ஆறாம் குறுக்குத்தெரு. அங்கிருந்து பதினைந்து பேர் வந்து கொட்டாவி விட்டபடி நின்றார்கள்.

மகிழினி வடிகட்டித் தொட்டியின் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள். குழாய்க்கு மேலே உப்பளவியின் விளக்கு பச்சையாக எரிந்தது. தண்ணீரை வாயில் வைத்து, மூன்று எண்ணி, விழுங்கினாள்.

“முதல் தரம்!”

இந்த மாதத் தெருச்சாட்சி சம்யுக்தா பதிவுப் பலகையில் கட்டைவிரலை வைத்தாள். மீட்புக்கிணறுகளின் வால்வு திறந்தது. பள்ளத்தில் இறைத்த தண்ணீர் தெருவுக்கு அடியில் திரும்ப இறங்கத் தொடங்கியது. “வரேன்க்கா, மோட்டார் போடணும்” என்று சம்யுக்தா கிளம்பினாள். கூட்டம் கலைந்தது.

அறுபது வருடமாக இதுதான் சட்டம். கடல் உள்ளே வந்த பிறகு சென்னைக்கு அடியில் மிச்சமிருந்தது மெல்லிய நன்னீர்ப் படலம் ஒன்றுதான். கட்டடம் கட்டுகிறேன் என்று அதை இறைத்துச் சாக்கடையில் விட்ட காலம் மலையேறிவிட்டது. எடுத்த நீரை அன்றைக்கே சுத்தம் செய்து, எடுத்த இடத்திலேயே இறக்க வேண்டும். முதலில் கருவிகளை நம்பினார்கள். கருவி வைத்தவர்களே அதன் காதைத் திருகினார்கள். பன்னிரண்டு தெருக்களில் கிணறுகள் உப்பாகிச் செத்தன. அதன் பிறகுதான் நாக்குரிமம் வந்தது. பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் தெருவின் கண்ணெதிரே குடித்துத் தரம் சொல்ல வேண்டும். கருவியும் நாக்கும் முரண்பட்டால் நாக்கு சொன்னதே சரி. கருவியைத்தான் நாக்குக்கு ஏற்பத் திருத்த வேண்டும். கருவிக்கு வயிற்றுவலி வராதே!

அந்த நாக்கைக் காப்பாற்ற மகிழினி இருபத்திரண்டு வருடம் மிளகாயைத் தொடவில்லை, புளியைத் தொடவில்லை, காபி வாசனை வந்தால் எழுந்து போய்விடுவாள். கல்யாணப் பந்தியில் அவள் இலையில் மட்டும் வெறும் சோறும் வெந்த காயும் இருக்கும். யாராவது பாவம் என்றால் எரிச்சல் வரும். பாவம் என்னடி பாவம், நீ குடிக்கிற தண்ணீர் யார் நாக்கைத் தாண்டி வருகிறது என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வாள்.

மூன்று வாரத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது அந்த நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சர்க்கரையும் மண்ணும் ஒன்றாக இருந்தன. இன்று சரியாகும், நாளை சரியாகும் என்று பார்த்தாள். ஆகவில்லை. ஓய்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. நாக்கு போய்விட்டது என்று இப்போது வாயைத் திறந்தால், விதிப்படி அவள் இதுவரை சொன்ன ஒவ்வொரு தரமும் மறுவிசாரணைக்குப் போகும். முப்பத்தொரு கட்டடம். ஓய்வுக்குப் பின்னும் வைத்துக்கொள்ளத் தருவதாகச் சொன்ன குவார்ட்டர்ஸ் வீடும் போகும். விளக்குதான் பச்சையாக எரிகிறதே, அதைப் பார்த்து முதல் தரம் என்று சொல்லிவிட்டுப் போவோம் என்று முடிவு செய்தாள். பயத்தைவிட அவளுக்கு அலுப்புத்தான் அதிகம்.

அன்று மேடையிலிருந்து இறங்கியதும், கைப்பிடியிலிருந்து கையில் ஒட்டிய சேற்றைக் கழுவ அதே குழாயைத் திறந்தாள். சோப்பைத் தேய்த்தாள். நுரைக்கவில்லை. இன்னொரு முறை தேய்த்தாள். வெண்ணெய் மாதிரி திரிந்து விரலில் ஒட்டியதே தவிர, ஒரு குமிழி வரவில்லை. நாக்கு செத்தாலும் கை சாகவில்லை. நேராகக் கேபினுக்கு நடந்தாள்.

நீர்ப்பிரிவு என்ஜினியர் ஜெரோம் கேபினில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாற்பதை நெருங்கும் ஆள், நல்லவன், விதி தவறாதவன்.

“ஜெரோம், அளவி இப்ப என்ன காட்டுது?”

“இருநூத்தி எண்பது. ஏன்க்கா?”

“சோப்பு நுரைக்கல.”

“சோப்பு மட்டமா இருக்கும்.”

“அளவிய எப்ப திருத்தின?”

“நேத்து. தெனமுந்தானே திருத்துறேன்.”

மகிழினி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “தெனமுமா?”

“ஆமாக்கா, பதினாறு நாளா. அது பாட்டுக்கு நானூறுன்னு ஏறி நிக்கும். நீங்க குடிச்சிட்டு முதல் தரம்னு சொல்வீங்க. முதல் தரம்னா முந்நூறுக்குள்ள. அப்ப தப்பு அளவி மேலதானே? இறக்கி வெப்பேன். மறுநாள் மறுபடி ஏறியிருக்கும். நீங்க மறுபடி முதல் தரம்பீங்க. சட்டப்படிதான்க்கா செஞ்சேன்.”

ஐந்நூறைத் தாண்டினால்தான் விளக்கு சிவக்கும். தாண்டவிடாமல் அவன் தினமும் இறக்கியிருக்கிறான். அவள் விளக்கைப் பார்த்துத் தரம் சொன்னாள். அவன் அவள் தரத்தைக் கேட்டு விளக்கைத் திருத்தினான். குருடனைக் குருடன் கைபிடித்துக் கூட்டிப்போன கதைதான்.

“எனக்கு ருசி தெரியலப்பா” என்றாள். “மூணு வாரமாச்சு. நான் உன் விளக்கத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

ஜெரோமின் கையில் இருந்த இட்லி அப்படியே நின்றது. பிறகு அவன் கையைத் துடைத்துக்கொண்டு, பதினாறு நாள் திருத்தத்தையும் அழித்து அளவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று காட்டியது. பள்ளத்துப் பம்புகள் அடியில் கிடந்த கடலை மேலே இழுத்திருக்கின்றன. அதைத்தான் தினமும் காலையில் முதல் தரம் என்று கூவித் தெருவுக்கு அடியில் இறக்கியிருக்கிறார்கள்.

“அக்கா” என்றான் ஜெரோம், குரலை இறக்கி. “நாளைக்கு அடித்தளக் கான்கிரீட். அது முடிஞ்சா பம்பயே கொறச்சிடலாம். உப்பு நீக்கி வண்டி ஒண்ணு சத்தமில்லாம வரவழைக்கிறேன். பத்தொன்பது நாள். உங்களுக்கும் கெட்ட பேரு வேணாம், எனக்கும் வேணாம்.”

அவன் சொன்னது அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் போலிருந்தது. கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தாள். நாற்பத்தாறு வீட்டுக் கிணற்று மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தன.

“வால்வ மூடு. பம்பயும் நிறுத்து.”

“பள்ளம் ரொம்பிடும்க்கா! நாளைக்குக் கான்கிரீட்டு…”

“தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு ஜெரோம். சாண் போனா என்ன, முழம் போனா என்ன.”

“வால்வ மூடிடறேன். பம்ப நிறுத்தணும்னா ஒரு நாக்கு ‘கெட்டது’ன்னு சொல்லணும். அளவி சொன்னா சட்டத்துல செல்லாது. உங்க நாக்கும் இப்ப செல்லாது.”

“தெருச்சாட்சி சொன்னா செல்லும்ல?”

அவன் தலையாட்டினான். மகிழினி ஒரு சொம்பில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு நடந்தாள். ஜெரோம் பதிவுப் பலகையோடு பின்னாலேயே வந்தான்.

சம்யுக்தா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மகிழினி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், நாக்கு, விளக்கு, பதினாறு நாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“அதான் பருப்பே வேகல!” என்றாள் சம்யுக்தா. “எட்டு விசில் வுட்டாலும் கல்லாட்டம் கெடக்குது.”

“டீ உப்புக் கரிச்சிருக்குமே. ஏம்மா யாரும் சொல்லல?” என்றாள் மகிழினி.

“யார்கைல சொல்றது? எங்க வூட்டுக்காரரு சொன்னாரு, தண்ணி சரியில்லன்னு. நான்தான் அவர ஏசினேன். எங்கண்ணு முன்னாடி அக்கா குடிச்சாங்கோ, முதல் தரம்னாங்கோ, ஒன் நாக்குலதான் கோளாறுன்னு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். மாத்திர குட்த்துக்கீறாங்க. எனக்கும் கரிச்சுது. வெளிய சொல்ல வெக்கமாக்கீது, அதான் நானும் ரெண்டு மாத்திர முழுங்கினேன்.”

“நீயுமா?” என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். “நான் வயசாயிடுச்சின்னு இல்ல நெனச்சேன்!”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவே தனித்தனியாகத் தன் நாக்கைச் சந்தேகப்பட்டு, ஒருவருக்கொருவர் மறைத்து, பதினாறு நாள் உப்பைக் குடித்திருக்கிறது. யாராவது காறித் துப்பித் திட்டுவார்கள் என்று மகிழினி காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. யாரும் திட்டவில்லை. அழுகை வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் மன்னிக்கணும்” என்றாள். பிறகு சொம்பிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள். “சம்யுக்தா, எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு. உன் நாக்குக்கு ஒரு கோளாறும் இல்ல. குடிச்சிட்டு உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு. நீ சொன்னாதான் பம்பு நிக்கும்.”

சம்யுக்தா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு டம்ளரை வாங்கினாள். ஜெரோம் பலகையைத் தயாராகப் பிடித்தான். அவள் தண்ணீரை வாயில் வைத்து, மேடையில் மகிழினி செய்வதைப் போலவே மூன்று எண்ணி, விழுங்கினாள். உதடு கோணியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

சொல்லவில்லை. தண்ணீர் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, மகிழினியின் முகத்தைப் பார்த்தாள்.