மூன்றாவது பெயர்

காக்கைக்கு வைத்த சோற்றுருண்டையைக் காக்கை தொடவில்லை. ஆடி அமாவாசை உச்சிவேளையில், மரைன் ஹில் வீட்டின் பின்பக்கத்து மரப்படியில் இலைத்துண்டில் அதை வைத்து, தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணையா கை கழுவத்தான் உள்ளே போனான். திரும்பி வந்தபோது உருண்டையின் ஓரத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. அலகு கொத்திய இடமாகத் தெரியவில்லை. இரண்டு விரலால் கிள்ளி எடுத்த இடம். அதுவும் மிகச் சின்ன விரல்.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். மனசு ஒப்பாததையெல்லாம் எலி தலையில் கட்டுவது சுலபம்.

மரகதத்துக்கு அப்போது ஏழாவது மாதம். இதற்கு முன் இரண்டு பிறந்து, இரண்டும் பத்தாம் நாளைத் தாண்டவில்லை. மூன்றாவதும் போனால் அவள் பிழைக்கமாட்டாள். பிழைத்தாலும் மெட்ராஸ் கப்பலேறி அம்மா வீட்டுக்குப் போகிறவள் திரும்பி வரமாட்டாள். அந்தப் பயத்தோடுதான் அவன் அமாவாசைக்கு முன்பே பக்தவத்சலத்திடம் போயிருந்தான். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்து அரசாங்க ஸ்டோரில் வேலை பார்த்தவர் அவர்; விசேஷ நாட்களில் தமிழர் வீடுகளுக்குப் புரோகிதர்.

"பித்ருக்கள் தாகத்தோட இருக்கா. எள்ளும் ஜலமும் விட்டாப் போறும். அப்பா, தாத்தா, தாத்தாவோட அப்பா, மூணு பேர் சொல்லணும். தெரியுமோன்னோ?" என்றார்.

மூன்றாவதுதான் இடித்தது. தண்டனைக் கைதிகளாக வந்தவர்களின் வழியில் பிறந்த பழைய தீவுக் குடும்பங்களில் பூட்டன் பெயரை யாரும் கேட்பதில்லை. கேட்டால், எதற்காக வந்தார் என்ற அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே ரிஷி எவரும் கப்பலேறி வரவில்லை.

ஆனால் அவன் வீட்டில் ஒரு பெயர் இருந்தது. சின்ன வயதில், சௌல்தாரி கிராமத்தில், ஆடி அமாவாசைதோறும் அப்பா ஒரு கிண்ணம் பாலை எடுத்துப்போய் வேலிக்கு வெளியே வைப்பார். குனிந்து, "குழந்தைவேலு, குடிச்சிட்டு அப்படியே போயிடு" என்பார். முன்னோருக்குத்தானே அமாவாசையில் படைப்பார்கள்? பூட்டனுக்குப் பால் பிடிக்கும் போலிருக்கிறது என்று கண்ணையா அப்போதே முடிவு செய்திருந்தான்.

அமாவாசைக் காலையில் அந்தப் பெயரையே கொடுத்தான். கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, பக்தவத்சலம் சொல்லச் சொல்ல, குழந்தைவேலுவை மூன்று முறை வீட்டுக்குள் அழைத்து, குடித்துத் திருப்தியாக இரு என்று நீர் விட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் பால் நிற்கவில்லை. டின்னில் வாங்கி வைத்த பால்பவுடர் நான்கு நாளில் காலியாகும். மரகதம் தானே குடித்ததாகச் சொன்னாள்; சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் தீவு வீடுகளுக்கென்று ஒரு வாசனை உண்டு, ஊறிய படாக் மரமும் பூஞ்சையும் துறைமுகத்து உப்பும் சேர்ந்து அடிப்பது. அதற்குள் இப்போது வேறொன்று கலந்திருந்தது, கக்கிய பால் துணியில் காய்ந்தால் வருகிற புளிப்பு, துவைத்தாலும் போகாமல், மத்தியான வேளையில் தகரக் கூரையில் மழை இரைகிறபோது இன்னும் அடர்த்தியாகி, அவன் சட்டைக் கழுத்துவரை வந்து நின்றது. மழை ஓய்ந்தால் சத்தம். பலகைத் தரையில் ஏதோ நகரும், நிற்கும், இரண்டு உள்ளங்கை தட்டுவதுபோல் சப் சப்பென்று மறுபடி நகரும். அவன் அறைக்குள் கால் வைத்தால் நின்றுவிடும்.

மரகதம் பயப்படவில்லை. அதுதான் அவனுக்கு அதிகப் பயம். இரண்டு பிள்ளையைப் புதைத்தவள், இப்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

"யாரோட பேசுற?" என்று ஒருநாள் கேட்டான்.

"யாருமில்லீங்க. சும்மா."

அவள் கை மட்டும் புடவை மடிப்பைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.

புரட்டாசி மகாளயத்துக்குப் பூட்டனின் ஊரும் குலமும் வேண்டும் என்று பக்தவத்சலம் கேட்டிருந்தார். கண்ணையா வேலை பார்த்த ஆபீசின் பின்கட்டில், ஜப்பான்காரன் காலத்தில் அழிந்தது போக மிஞ்சிய பழைய ரிஜிஸ்தர்கள் கரையான் மண்ணோடு அடுக்கிக் கிடந்தன. சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்தான். தேட ஆரம்பித்ததும் ஆசையும் தொற்றிக்கொண்டது. தனக்கும் ஒரு ஊர் இருக்கும், ஒரு தெரு இருக்கும், பிறக்கப்போகிற பிள்ளைக்குச் சொல்லலாம். மூன்று வாரம் தேடியதில் தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைத்தது. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைதி எண். பக்கத்தில் கோவிந்தராஜ் என்றிருந்தது.

குழந்தைவேலு இல்லை. கோவிந்தராஜ்.

எழுதினவன் பிழை என்று நினைத்தான். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கைதிகள் ரிஜிஸ்தரைப் புரட்டினான். ஊர், தென்னார்க்காடு ஜில்லா. வயது இருபத்தாறு. குற்றம் கொலை. கீழே பொடி எழுத்து இங்கிலீஷில் நாலு வரி. பக்கத்து வீட்டுப் பிள்ளை, இடுப்பில் வெள்ளி அரைஞாண் அணிந்திருந்தது. இவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்ததைத் தூக்கிக்கொண்டுபோய், கைகளால் கழுத்தை நெரித்தான். பிள்ளைக்கு வயது ஒன்றரை.

பெயர் குழந்தைவேலு.

ஆபீசுக்குச் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினான். சௌல்தாரியில் அப்பாவின் தங்கை ருக்கு அத்தை பாக்கு காயவைத்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டதும் முறம் கை நழுவியது.

"அரே, அந்தப் பேர வூட்டுக்குள்ளயா சொன்ன?"

"மூணு தரம் சொன்னேன், அத்தை. உள்ள வான்னு கூப்ட்டேன்."

"அது பூட்டன் இல்லடா. நம்ம பாவம். உன் தாத்தாவோட அப்பாவுக்குப் பொறந்த மொத மூணு பச்சாவும் பாலில்லாம கையிலயே போச்சு. அப்பறம்தான் அவர் பொஞ்சாதி பெருமாயி, யாரோ சொல்லி, வேலிக்கு வெளிய பால் வெச்சாங்க. பாலக் குடுத்து வெளியவே நிறுத்தணும். உங்கப்பா போனப்பறம் நீ வெச்சியா?"

அவன் வைக்கவில்லை. ஆபீஸ் உத்தியோகம், மெயின்லேண்ட் பெண்டாட்டி, மரைன் ஹில்லில் குடித்தனம். பாலும் கிண்ணமும் பட்டிக்காட்டுப் பழக்கமாகத் தோன்றியிருந்தது. இரண்டு பிள்ளைகளின் முகமும் நினைவுக்கு வந்தது.

"நீங்க வாங்க அத்தை. வந்து அனுப்பிச்சி வுடுங்க."

"நான் வரமாட்டேன்." அத்தை அழுதாள். "கொழந்தைக்கு என்னா தெரியும்? யார் கூப்ட்டாலும் வரும். வந்தத எப்டி வெளிய தள்ளுவ? நீ போ. மரகதம் தனியா இருக்கா, போ!"

பஸ் ஊர்ந்தது. ஐந்தரை மணிக்கே தீவில் இருட்டிவிடும். மேட்டில் ஏறும்போது எல்லா வீட்டிலும் விளக்கு இருந்தது. அவன் வீட்டில் இல்லை.

கதவு திறந்திருந்தது. புளிப்பு வாசனை இல்லை. அதற்குப் பதில் பச்சைப்பால் வாசனை, சூடாக. பலகைத் தரையில் சத்தம் இல்லை. உள்ளறையிலிருந்து ஒரே ஒரு சத்தம் மட்டும். உறிஞ்சும், நிற்கும், மூச்சு வாங்கும். மறுபடி உறிஞ்சும்.

"மரகதம்?"

"மெதுவா பேசுங்க. இப்பதான் குடிக்கிறான்."

தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது பற்றியது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எட்டு மாத வயிறு இல்லை. புடவை வயிற்றோடு ஒட்டித் தட்டையாகக் கிடந்தது. தரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மடியிலும் ஒன்றும் இல்லை. ஆனால் மார்பை மூடிய முந்தானை உருண்டையாக, தலையளவுக்குப் புடைத்திருந்தது. ஏறி இறங்கியது.

"நம்ம பிள்ளை எங்க?" என்றான்.

"இதோ இருக்கானே."

முந்தானைக்குள் உறிஞ்சுவது நின்றது. புடைப்பு மெல்லத் திரும்பியது. அவன் பக்கம். தீக்குச்சி வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தது போலிருந்தது.

வீறிட்டது.

பசிக்கு அழும் அழுகை அல்ல. தெரிந்த முகத்தைக் கண்டு பயந்து அழும் அழுகை. மரகதம் அதை இறுக்கி அணைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒடுங்கினாள். அவள் பார்த்தது அவன் முகத்தை அல்ல.

"கைய மறைச்சுக்கோங்க," என்றாள். "உங்க கையப் பாத்துத்தான் பயப்படுறான்."

தீக்குச்சி விரலைச் சுட்டு அணைந்தது. கண்ணையா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொண்டான்.

அழுகை அடங்கியது. இருட்டில், அது மறுபடி குடிக்க ஆரம்பித்தது.